கோலுக்கு அணி செய்த கைகள்

தமிழிலே ‘கோல்’ என்ற சொல்லுக்குச் சுற்றம் பெரிது. அரசன் கையிலே செங்கோல், வணிகன் கையிலே துலாக்கோல், தச்சன் கையிலே முழக்கோல், புலவன் கையிலே எழுதுகோல், துறவி கையிலே முக்கோல் என்று வாழ்க்கையின் துறை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலை நம் முன்னோர் ஒதுக்கி வைத்திருந்தனர். இவற்றுள் செங்கோலைப் பாடாத புலவர் இல்லை எனலாம். ஆனால் வீட்டு விறாந்தையின் மூலையிலே சாத்தி வைக்கப்பட்டிருக்கும் ஊன்றுகோலைப் பற்றி நின்று நிதானித்துப் பேசியவர்கள் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்து வழக்கிலே அது ‘பொல்லு’. சற்று நாகரிகமாகச் சொன்னால் ‘கைத்தடி’. சிங்களத்திலே அதனை ‘ஹெரமிட்டிய’ என்பர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லொன்றிலிருந்து வந்த ‘பஸ்தம’ என்ற பெயரும் அங்கே உண்டு.

ஊன்றுகோல் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. தளர்ந்த உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கி நிலத்துக்குக் கொடுப்பதுதான் அது. அந்த வேலைக்குக் காட்டிலே ஒடித்த கம்பு ஒன்றே போதும். அப்படியிருக்க, பல நாடுகளிலே, பல காலங்களிலே, மனிதர் அந்தக் கம்பை இழைத்தார்கள், கடைந்தார்கள், பூண் பூட்டினார்கள், அரக்கு ஏற்றினார்கள், பொன்னும் மணியும் பதித்தார்கள். யாருக்காக இந்த அலங்காரம்? கோலை ஏந்துபவருக்காகவா, அதைப் பார்ப்பவருக்காகவா? இந்தக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்து பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் நம் இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். 1894 ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றிலே 243 ஆவது பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஊர் எது, குலம் எது என்பனவும் கிடைக்கவில்லை. அவர் கையிலிருந்த கோல் மட்டுமே கிடைத்திருக்கிறது. பாட்டிலே வரும் ஊன்றுகோலைக் கொண்டே அவரைத் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று தமிழ் உலகம் அழைக்கிறது. இளமையிலே மணலிற் பாவை செய்து விளையாடியதையும், மகளிரோடு கைகோத்து ஆடியதையும், மருத மரக் கிளையேறி ஆழமான மடுவிலே குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதையும் ஒரு முதியவர் நினைத்துப் பார்க்கிறார். இப்போதோ இருமலுக்கு இடையே நாலு சொல் பேசுவதே பெரும்பாடு. நடுங்கும் கையிலே கோல்.

அந்தக் கோலுக்குப் புலவர் கொடுத்த அடைமொழியைக் கவனிக்க வேண்டும். ‘தொடி’ என்பது வளை. இங்கே கோலின் தலையைச் சுற்றியுள்ள பூண். ‘விழு’ என்பது சிறப்பையும் பருமையையும் குறிக்கும். அதாவது, பூண் செறிந்த தலையையுடைய நல்ல கோல் அது. இளமையும் வலிமையும் நண்பர்களும் போய்விட்ட பிறகு ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் பொருள் கேவலமான கம்பாக இல்லை. அதற்கு ஒரு கைவினைஞன் பூண் செய்து போட்டிருக்கிறான்.

பூண் போடுவதற்குக் காரணம் உண்டு. வெட்டிய மரம் காய்கையிலே முனைகளில்தான் முதலில் வெடிப்புக் காணும். ஓயாமல் நிலத்தில் மோதும் முனை நாளடைவிலே சிதம்பும். அந்த முனையை உலோக வளையத்தால் இறுக்கினால் கோல் நீண்ட காலம் உழைக்கும். நம் வீட்டு உலக்கைக்கும் இதே காரணத்துக்காகவே பூண் போட்டார்கள். ஆகவே, கோலின் முதல் அணிகலன் அதன் முதற் பாதுகாப்பாகவும் இருந்தது. உறுதிக்காகப் போட்ட வளையத்தை வெள்ளியிலே செய்தவுடன் அது அழகாகி விட்டது. கைவினையின் வரலாற்றிலே பயனும் அழகும் இவ்வாறு ஒரே பூணுக்குள் அடங்கிக் கிடப்பதைப் பல இடங்களிலே காணலாம்.

அலங்கரித்த கோலுக்கு இன்னொரு பெரிய சான்று சிலப்பதிகாரத்திலே உண்டு. அரங்கேற்று காதையிலே மாதவிக்குரிய தலைக்கோலை இளங்கோவடிகள் எவ்வளவு நுணுக்கமாக வருணிக்கிறார் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. தோற்றோடிய பகையரசனின் வெண்கொற்றக் குடையிலிருந்து எடுத்த காம்பு அது. அதன் கணுக்கள்தோறும் நவமணிகளைப் பதித்தார்கள். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே பொற்றகடு வேய்ந்தார்கள். பொற்குடத்து நீராலே அதனை நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையிலே கொடுத்து வலம்வரச் செய்த பின்னரே ஆடலரங்கிற்குக் கொண்டு வந்தார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் ஆடல் மகளிர் ‘தலைக்கோலி’ என்ற பட்டத்தோடு குறிப்பிடப்படுகின்றனர்.

இந்த இரண்டு கோல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, அரங்கிலே ஊர் கூடிப் பார்ப்பதற்காக அலங்கரிக்கப்பட்டது. வென்றவனின் பெருமையும் ஆடியவளின் புகழும் அதிலே மணியாகவும் பொன்னாகவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அதனை ஊன்றி எவரும் நடக்கப் போவதில்லை. மற்றையது, யாரும் கூடிப் பார்க்காத ஒரு கிழவரின் கோல். அதற்கு ஒரே ஒரு பூண். ஆயினும் அவர் அதன்மேலே சாய்ந்துதான் நிற்கிறார். வழுக்கும் நிலத்திலே உதவும் ஊன்றுகோலைப் போன்றது நல்லொழுக்கம் உடையோர் வாய்ச்சொல் என்று வள்ளுவர் உவமை சொன்னபோது, அவர் மனத்திலே இருந்தது இந்த இரண்டாவது கோலே. ஏந்துகிற கோல் ஒன்று, ஊன்றுகிற கோல் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் கோல் அலங்காரத்தின் வரலாறு முழுவதும் ஊசலாடி வந்திருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. எகிப்திலே 1922 ஆம் ஆண்டு ஹவார்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமூன் மன்னனின் கல்லறையிலே ஏறத்தாழ 130 கோல்கள் இருந்தன. பொன் வேய்ந்தவை, வளைந்த முனையிலே பகைவரின் உருவம் செதுக்கியவை எனப் பலவகை. அவை அரச சின்னங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2010 ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வொன்று, அந்த இளம் மன்னனின் பாதத்திலே குறைபாடு இருந்தது, அவன் உண்மையாகவே கோலூன்றி நடந்திருக்கலாம் என்று கூறியது. அதனை மறுப்போரும் உளர். விவாதம் எப்படி முடிந்தாலும், ஒரே கோல் அதிகாரத்தின் அடையாளமாகவும் நோயின் துணையாகவும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அமெரிக்காவிலே ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், பியூப்ளோ எனப்படும் பூர்வீகக் குடிகளின் 19 தலைவர்களுக்கு வெள்ளித் தலையிட்ட கருங்காலிக் கைத்தடிகளை வழங்கினார். அவற்றிலே பொறிக்கப்பட்ட ஆண்டு 1863. தலைவர் மாறும்போது கைத்தடியும் கைமாறும். இன்றும் அங்கே அவை ஆட்சியுரிமையின் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1660 ஆம் ஆண்டு திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ். அவர் தப்பிச் சென்று 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே கண்டியின் கோல்களைப் பற்றிச் சுவையான செய்தியொன்று உண்டு. மன்னனுக்கு அடுத்த நிலையிலிருந்த அதிகார்களின் ஏவலர், ஒரு முனை கொம்புபோல வளைந்த தடிகளை ஏந்திச் செல்வார்களாம். அதே வகைத் தடியை வேறு எவரும் ஏந்தக்கூடாது. எந்தச் செய்தியோடு வந்தாலும் சரி, அந்தத் தடியைக் கண்டால் அதிகாரின் கையொப்பத்தையும் முத்திரையையும் கண்டதற்குச் சமம். எழுத்தறிவு எல்லோருக்கும் வாய்க்காத காலத்திலே, தடியின் வளைவும் வடிவமுமே சாசனமாக இருந்தன.

அப்படியானால், கண்டி இராச்சியத்திலே இத்தகைய கோல்களை அழகு செய்தவர்கள் யார்? கடைசல் வேலையும் அரக்கு வேலையும் செய்த குடியினரைச் சிங்களத்திலே ‘ஈ வடுவோ’ என்று அழைத்தனர். ‘ஈ’ என்றால் அம்பு. அம்பு செய்யும் தச்சர் என்பது அப்பெயரின் பொருள். ஒரு சொல்லுக்குள்ளே எவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது! அம்புக்கு வேண்டியது கோணலில்லாத நேரான தண்டு. அதைத் தேர்ந்து, உலர்த்தி, நெருப்பிலே காட்டி நிமிர்த்தும் வித்தை தெரிந்த கைகளுக்கு ஈட்டிக் காம்பும் கொடிக் கம்பும் கைத்தடியும் அந்நியமானவை அல்ல. அம்புகள் போர்க்களத்தை விட்டுப் போய்விட்டன. அவற்றைச் செய்தவரின் பெயர் மட்டும் கைத்தடி செய்வோர் மீது தங்கிவிட்டது.

மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவித என்னும் கிராமம் இந்த அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. அரக்கு என்றதும் பாரதத்திலே பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை நம் நினைவுக்கு வரும். அதே பொருள்தான் இது. சில மரங்களின் கிளைகளிலே கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழும் மிகச் சிறிய பூச்சிகள் தம்மைச் சுற்றிக் கசியவிடும் பிசினே அரக்கு. சூடு பட்டால் இளகும். ஆறினால் இறுகிப் பளபளக்கும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதைத் துரியோதனன் அறிந்திருந்தான். இளகும் வேளையிலே அதைக் கொண்டு எழுதலாம் என்பதைக் கைவினைஞன் அறிந்திருந்தான்.

கிளையிலிருந்து சுரண்டிய அரக்கை நொறுக்கிக் கழுவி உலர்த்துவார்கள். பின்னர் நீண்ட துணிப்பையிலே இட்டுக் கரி நெருப்பின் மேலே காட்டிப் பையை முறுக்கினால், உருகிய அரக்கு துணியின் இழைகளினூடே கசிந்து வெளிவரும். கசடு உள்ளே தங்கிவிடும். அந்த அரக்கைச் சூட்டோடு இழுத்து, மடித்து, அடித்து, மறுபடியும் இழுத்து நிறம் சேர்ப்பார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக் கரி. இவற்றோடு பச்சையும் சேரும். கண்டிக் கலையிலே நாம் காணும் நிறக்கூட்டம் பெரும்பாலும் இவற்றுள் அடங்கிவிடும்.

அரக்கை ஏற்றுவதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று, கடைசலிலே சுழலும் கோலின் மீது அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பது. உராய்வினாலே எழும் சூட்டில் அரக்கு இளகி, வளையம் வளையமாகக் கோலிலே பற்றிக்கொள்ளும். தென் மாகாணத்து அங்குல்மடுவ இந்த முறைக்குப் பெயர் போனது. மற்றையது மாத்தளை முறை. அதற்கு ‘நியபொத்து வேலை’ என்று பெயர். ‘நிய’ என்றால் நகம். அங்கே கைவினைஞனின் முதன்மையான கருவி அவனுடைய பெருவிரல் நகமே.

அதனைச் செய்யும் முறை இது. நன்றாக உலர்ந்து வழவழப்பாக்கிய கோலைக் கரி நெருப்பின் மேலே இதமாகச் சூடேற்றுவார்கள். முதலில் ஒரே நிற அரக்கைக் கோல் முழுவதும் பூசி, ஓலைத் துண்டினாலே தேய்த்துச் சமன் செய்வார்கள். அதுவே நிலம். பிறகு வேறு நிற அரக்கு உருண்டையை இளக்கி, அதன் நுனியைப் பற்றி நூல் நூலாக இழுப்பார்கள். தேன்பாகுபோல் நீளும் அந்த இழையைச் சூடான கோலின் மேலே சுற்றியும், நீளவாட்டிலே படிய வைத்தும், வேண்டிய இடத்திலே நகத்தால் அழுத்தி வெட்டுவார்கள். கோடு, புள்ளி, முக்கோணம், இலை, தாமரையிதழ், கொடி எனக் கோலம் வளரும். கோடு கோணினால் இரப்பரால் அழிப்பதுபோல அழிக்க முடியாது. இழை ஆறிவிட்டால் ஒட்டாது. சூடு மிஞ்சினால் கோலம் கரையும். அந்த இடைப்பட்ட சில நொடிகளுக்குள் கண்ணும் கையும் முடிவெடுக்க வேண்டும். இறுதியிலே மறுபடியும் சூடு காட்டி ஓலையினாலே தேய்த்தால், மேலே நின்ற இழைகள் நிலத்தோடு அமிழ்ந்து ஒரே பரப்பாகிக் கண்ணாடிபோல் மின்னும். விரலால் தடவினாலும் கோலத்தின் விளிம்பு தட்டுப்படாது.

இப்படி அணி பெற்றவை ஈட்டிக் காம்புகள், கொடிக் கம்புகள், பெரஹராவிலே ஏந்தும் ‘சேசத்’ எனப்படும் வட்ட விசிறிகளின் பிடிகள், ஏட்டுச் சுவடிகளின் சட்டங்கள், சிறு செப்புக்கள், கைத்தடிகள். இவற்றைச் செய்தவர்கள் கூலிக்காகச் செய்யவில்லை. கண்டி இராச்சியத்திலே அவர்களுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தை உழுது உண்பதற்கு ஈடாக மன்னனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தம் கைவினையைச் செலுத்த வேண்டும். இராஜகாரிய முறை என்பது இதுவே. அதிலே கொடுமை இல்லாமலில்லை. பிறந்த குடியே தொழிலையும் அந்தஸ்தையும் விதித்தது. மன்னனுக்காகக் கோலிலே பொன் நிறக் கொடியை ஓட்டியவன், தான் அத்தகைய கோலை ஏந்த முடியாது. ஆயினும் ஒரு கோலுக்கு எத்தனை நாள் செலவிட வேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கவில்லை, வேலையே தீர்மானித்தது.

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மன்னன் போனான். 1832 ஆம் ஆண்டு, கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களிலே சேவைமுறை ஓரளவு தொடர்ந்தது. கட்டாய ஊழியம் நீங்கியது மனிதருக்கு விடுதலைதான். ஆனால் அந்த விடுதலையோடு கைவினைஞனின் நிலமும் ஆதரவும் ஆட்டங்கண்டன. கோலைப் பார்த்து அதிகாரத்தை வாசிக்கத் தெரிந்த ஓர் உலகம் மறைந்தது. கச்சேரிக் கடதாசியும் இறப்பர் முத்திரையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

கைத்தடி மட்டும் மறைந்துவிடவில்லை. வேறு கைக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பியக் கனவானுக்குக் கைத்தடி உடுப்பின் ஓர் உறுப்பு. நோயில்லாதவனும் கிழவனல்லாதவனும் அதைச் சுழற்றிக்கொண்டு உலாவினான். நம் நாட்டுக் கனவான்களும் அதைப் பின்பற்றினார்கள். அக்காலப் புகைப்படங்களிலே முதலியார்களும் அப்புக்காத்துமாரும் கைத்தடியோடு நிற்பதை இன்றும் காணலாம். காலி நகரத்துக் கைவினைஞர் கருங்காலியிலே கடைந்தும் தந்தம் பதித்தும் கப்பற் பயணிகளுக்கு விற்றார்கள். கபில நிறத்திலே கரிய கோடுகள் ஓடும் கலமந்தர் மரம் எல்லாவற்றிலும் விலைமதிப்புள்ளதாயிற்று. 1859 ஆம் ஆண்டு இலங்கையைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனன்ற், அந்த மரம் ஏற்கெனவே அரிதாகிவிட்டது என்று எழுதும் அளவுக்கு வெட்டித் தீர்த்திருந்தார்கள். இன்று கருங்காலியை வெட்டுவது சட்டத்தினாலே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. யானைத் தந்தத்தின் சர்வதேச வர்த்தகமும் 1989 ஆம் ஆண்டுத் தீர்மானத்தினாலே தடைப்பட்டது. ஓர் அலங்காரத்துக்கு இயற்கை கொடுத்த விலையையும் வரலாறு எழுதுவோர் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

அதே மாத்தளைக்கு அக்காலத்திலே வேறு சிலரும் வந்துகொண்டிருந்தார்கள். மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுவழியே கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தென்னிந்தியத் தொழிலாளர் அவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் ஊன்றி நடந்த கம்புகளை எந்த நூதனசாலையும் சேர்த்து வைக்கவில்லை. அவர்களை ஏவிய கங்காணியின் பிரம்பைப் பற்றித்தான் மலையகம் இன்னும் பேசுகிறது. ஏந்துகிற கோலுக்குப் பெயர் நிலைக்கிறது. ஊன்றுகிற கோலோ நடந்தவரோடு மண்ணிலே போய்விடுகிறது.

இந்தச் சூழ்நிலையிலேதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி வருகிறார். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான அவர் 1877 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, தந்தையை இழந்து, இங்கிலாந்திலே வளர்ந்தவர். படித்தது புவியியற் கலையன்று. பாறைகளை ஆராயும் மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பணிப்பாளராக இருந்தபோது, பாறைகளைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றார். சென்ற இடத்திலே கண்டது கல்லை மட்டுமன்று. கொல்லரையும் நெசவாளரையும் சித்திரகாரரையும் அரக்கு வேலை செய்வோரையும் கண்டார். அவர்கள் அருகே அமர்ந்து, கையின் ஒவ்வோர் அசைவையும் குறித்துக்கொண்டார். அவருடைய துணைவியார் எதெல், புகைப்படம் எடுத்து உதவினார்.

அந்த உழைப்பின் பயனே 1908 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். இங்கிலாந்திலே புரோட் கம்டன் என்ற சிற்றூரிலே, வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அதே கை அச்சு இயந்திரத்திலே, 15 மாதங்கள் செலவிட்டு, 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். கைவினையைப் பற்றிய நூலைக் கைவினையாகவே செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அரக்கு எப்படி உருகுகிறது, நகம் எப்படி இழையை வெட்டுகிறது என்பதெல்லாம் அந்த நூலிலே பதிவாயின. ஒரு தமிழ்ப் பெருமகனின் மகன், சிங்களக் கிராமத்துக் கைவினைஞரின் வித்தையை உலகுக்கு எடுத்துச் சொன்னார் என்பதை நாம் இன்று இரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது.

குமாரசுவாமியின் வாதம் தெளிவானது. கை மறந்ததனாலே கலை அழியவில்லை. ஆதரவும் தேவையும் இல்லாமற் போனதனாலே அழிந்தது. அரசன் இருந்த இடத்திலே மலிவை மட்டும் பார்க்கும் சந்தை வந்து அமர்ந்தது. வசதி படைத்த சுதேசிகளோ தம் நாட்டுப் பொருளைத் தாமே மதிக்காதிருந்தனர். பயன்படும் பொருள் வேறு, கலைப்பொருள் வேறு என்று பிரித்து, ஒன்றைச் சந்தைக்கும் மற்றையதை நூதனசாலைக்கும் அனுப்பும் வழக்கத்தை அவர் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து எழுதினார். 1917 ஆம் ஆண்டு முதல் 1947 இல் மறையும்வரை பொஸ்ரன் நகரத்து நூதனசாலையிலேயே அவர் பணியாற்றினார் என்பது வரலாற்றின் விளையாட்டு.

அவருக்கு முன்னரும் பின்னரும் முயற்சிகள் இல்லாமலில்லை. கண்டியக் கலைச் சங்கம் 1882 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. சுதந்திரத்தின் பின்னர், 1964 ஆம் ஆண்டு ‘லக்சல’ விற்பனை நிலையம் எழுந்தது. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தேசிய அருங்கலைகள் பேரவை அமைக்கப்பட்டது. ஹப்புவிதவிலே நகம் கொண்டு எழுதும் வித்தை அற்றுப்போகாமல் இருக்க இவையெல்லாம் உதவியிருக்கின்றன. ஆனால் இந்தக் கடைகளுக்குள்ளே சென்றால் அரக்கு வேலையை எதிலே காண்கிறோம்? சிறு பெட்டிகளிலே, சாம்பற் கிண்ணங்களிலே, மேசை அலங்காரங்களிலே. வாங்குபவர் பெரும்பாலும் உல்லாசப் பயணி. விமானப் பெட்டிக்குள்ளே அடங்கும் அளவே பொருளின் அளவாயிற்று. கைத்தடி விற்றாலும், அது வரவேற்பறைச் சுவரிலே மாட்டப்படுவதற்காகவே பெரும்பாலும் வாங்கப்படுகிறது. மறுபடியும் ஏந்துகிற கோல், ஊன்றுகிற கோலன்று.

இதற்கு நேரெதிரே இன்னோர் உண்மை நிற்கிறது. ஊன்றுகோலின் தேவை இந்த நாட்டிலே குறையவில்லை, கூடியிருக்கிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நம்மிடையே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போர், வடக்கிலும் கிழக்கிலும், படைவீரரின் கிராமங்களிலும், முதுமைக்கு முன்பே பலரின் கையிலே கோலைக் கொடுத்துவிட்டுச் சென்றது. இவர்களுக்குக் கிடைப்பது அலுமினியக் குழாயும் இறப்பர் முனையும் கொண்ட தடி. அதனைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயலாகும். அது இலேசானது, மலிவானது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. அரக்குக் கோலோ கொதிக்கும் வெயிலிலே கிடந்தால் மெருகு மங்கிவிடும். இருந்தாலும், அந்த அலுமினியத் தடியைப் பெறுபவர் பலர் அதை வீட்டுக்கு விருந்தினர் வரும்போது கதவுக்குப் பின்னாலே மறைத்து வைக்கிறார்கள். அது நோயாளியின் அடையாளமாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது.

தொடித்தலை விழுத்தண்டினாரின் கோலுக்கு அந்தக் கூச்சம் இல்லை. இங்கேதான் நாம் தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. கோலின் அணி, அரசனுக்கு அதிகாரத்தைச் சொன்னது; ஆடல் மகளுக்குப் புகழைச் சொன்னது; கனவானுக்குச் செல்வத்தைச் சொன்னது. முதியவருக்கு அது சொல்வது வேறொன்று. ‘நீ தளர்ந்திருக்கிறாய், ஆனால் தாழ்ந்துவிடவில்லை’ என்று அது சொல்கிறது. பார்ப்பவரிடம் சொல்வதற்கு முன்னர், பிடித்திருக்கும் கையிடம் சொல்கிறது. ஒரு பூணும் நான்கு அரக்குக் கோடுகளும் அதற்குப் போதும்.

இது நடவாத காரியமன்று. நல்ல கைத்தடிக்கு இன்றியமையாதவை மூன்று. மரம் பல மாதங்கள் நிழலிலே உலர்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே பிடியின் உயரமாக இருக்க வேண்டும். அடிமுனை வழுக்காத பூணும் இறப்பரும் பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்த கோலிலே, பிடிக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு மாத்தளைக் கைவினைஞர் நகத்தால் எழுதிக் கொடுத்தால், அதற்குக் கருங்காலியும் தந்தமும் தேவையில்லை. கடைசல் தெரிந்த தச்சர் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். உல்லாசப் பயணி வராத மாதங்களிலே வேலையின்றி இருக்கும் விரல்களுக்கு, நம் நாட்டு முதியவரும் காயப்பட்டவரும் நிலையான ஆதரவாளராகலாம். அலுமினியத் தடியே வேண்டும் என்போர் அதன் பிடியை மட்டும் மரத்திலே செய்து மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு கைவினை, அரசன் கொடுத்த நிலத்திலே நின்று வாழ்ந்தது. அது போன பிறகு, பயணி கொடுத்த காசிலே தடுமாறி நடக்கிறது. அதற்கும் இப்போது ஓர் ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. புறநானூற்றுக் கிழவரின் கோலுக்குப் பூண் செய்து போட்ட அந்தப் பெயர் தெரியாத கைவினைஞனைப் போல, தன் அயலிலே தளர்ந்து நிற்பவருக்காக வேலை செய்யும் நாள் வருமானால், அந்த ஊன்றுகோலை அவன் தன் கையாலேயே செய்துகொண்டவனாவான்.